தட்டு வாங்க நின்றவர்

என் தம்பி சுருளியாண்டியின் தலையில் காகிதத் தொப்பி வைத்திருந்தார்கள். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு வைப்பார்களே, மினுமினுப்பான தாள் ஒட்டிய கூம்புத் தொப்பி, அது. எழுபது தாண்டிய மனிதன், ஒரு காலத்தில் வண்டன்மேட்டு ஏலக்காய் எஸ்டேட்டில் அத்தனை பேரை வேலை வாங்கியவன், சக்கர நாற்காலியில் ஒருபக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கிறான். பின்னால் சிலர் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் படத்தை முதியோர் இல்லத்தின் மேலாளர் வாட்ஸப்பில் போட்டு, கீழே ‘எங்கள் செல்லக் குழந்தைகள்’ என்று எழுதியிருந்தான். அன்று என் தம்பிக்குப் பிறந்தநாள்கூட இல்லை.

தொப்பியை நான் பிறகுதான் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது தாடி. வாரக்கணக்கில் வளர்ந்த வெள்ளைத் தாடி. பக்கவாதம் வந்து வலது கை விழுந்த நாளிலிருந்து அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறவர் ஞானசிகாமணி. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட ஒருநாள் விட்டதில்லை. அந்த மனிதர் பக்கத்தில் இருந்தால் இந்த முகம் இப்படி இருக்காது. அப்படியென்றால் அவர் பக்கத்தில் இல்லை.

ஞானசிகாமணி யார் என்று சொல்லிவிடுகிறேன். இராயப்பன்பட்டிக்காரர். எஸ்டேட்டில் ஸ்டோர் பார்த்தவர். அங்கேதான் என் தம்பியோடு பழக்கம். இருவரும் சேர்ந்தே மலையிறங்கி வந்து, சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தல் போட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே ஒரு வீடு, ஒரே அடுப்பு. நாற்பது வருடம் ஓடிவிட்டது. நாங்கள் பார்த்த பெண்களையெல்லாம் என் தம்பி வேண்டாம் என்றான். நான்காவது பெண்ணோடு நான் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த வீட்டில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கம்பத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேச வந்தவர்களை உட்காரச் சொன்னதும் இல்லை. ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் எப்படிப் படுத்து எழுகிறார்கள் என்று யாரும் என் வாசலில் வந்து சொல்வதில்லையே, இதை மட்டும் சொல்வதற்கு என்ன இருக்கிறது? எனக்கு எழுபத்தெட்டு வயது. புருஷன் போனபோது எனக்கு முப்பத்தொன்பது. அன்றிலிருந்து எங்கள் அப்பன் பெயருக்கு ஒரு கறை விழாமல் காத்து வந்தவள் நான். மானம் என்றால் என்ன என்று எனக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அடுத்தவன் படுக்கையை எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் அது இல்லை என்பது என் எண்ணம்.

தம்பியைத் தூக்கி உட்கார வைத்தே ஞானசிகாமணியின் இடுப்பு போய்விட்டது. ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து குளியலறையில் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் இல்லத்துக்குப் போவதென்று அவர்களாகவே முடிவெடுத்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. முதியோர் இல்லம் கேவலம் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல நான். அதை நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

உத்தமபாளையம் ரோட்டில் இருக்கும் நிழல்குடை முதியோர் இல்லத்துக்குத் தலைவர் ஈஸ்வரபாண்டி. என் சம்பந்தி. என் மகள் நாகஜோதியை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை கசங்காமல் சமூக சேவை செய்கிறவர். எந்தப் படத்திலும் நடுவில் நிற்பார். அவரே முன்வந்து, இருவருக்கும் சேர்த்து இரண்டு கட்டில் போட்ட அறை தருகிறேன் என்றார். தை மாதம் குடிபோனார்கள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு எனக்கு முழங்கால் வீங்கி நடமாட்டம் குறைந்தது. இப்போது இந்தப் படம்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

இல்லத்தின் கண்ணாடிக் கதவில் ஏழு நிறத்தில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ‘இங்கே அனைவரும் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து, ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் திருநங்கைக்கும் முதுமையில் மரியாதை வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டுப் போனார்களாம். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

என் தம்பி அறையில் இல்லை. ஆண்கள் கூடத்தில், வரிசையாகப் போட்ட கட்டில்களில் கடைசிக் கட்டிலில் கிடந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தது. கன்னம் உள்ளே போய், கழுத்து எலும்பு தனியாகத் தெரிந்தது. பக்கத்து ஸ்டூலில் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டதே தவிர, ஆள் தெரியாமல் போகவில்லை. தெரிந்துதான் மூடினான்.

தேவயானி என்கிற நர்ஸ் வந்தாள். நல்ல பெண். மூன்று வாரமாக அவன் வாயைத் திறப்பதில்லை என்றாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லால் கடித்துக்கொள்கிறானாம். தண்ணீர் மட்டும் கொஞ்சம் இறங்குகிறதாம். டாக்டர் வந்து பார்த்திருக்கிறார். இப்படியே போனால் திங்கட்கிழமை மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். குழாயைப் பிடுங்காமல் இருக்க, வேலை செய்கிற இடது கையைக் கட்டிலோடு கட்டிவைக்க வேண்டிவரும்.

“இவருக்கு ஊட்டுறவரு எங்க?” என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது அம்மா, ஆபீஸில் கேளுங்கள் என்றாள். கண் சொன்ன இடத்துக்கு நான் நடந்தேன்.

வெளிகேட்டுக்குப் பக்கத்தில் புங்கை மரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் ஞானசிகாமணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அந்த இடுப்போடு எழ வேண்டாம் என்று கையைக் காட்டினேன், கேட்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழுதாக எழுந்து நின்ற பிறகுதான் “வாங்கக்கா” என்றார். அவரை மாடியில் ஓர் அறையில் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் இரண்டாம் தடவை மாடி ஏறி இறங்க முடியாது என்பதால் பகல் முழுவதும் இங்கேயே இருக்கிறார். சாயங்காலம் ஒரு மணி நேரம், பார்வையாளர் நேரத்தில், வெளியாட்களோடு வெளியாளாகப் போய் என் தம்பியைப் பார்த்துவிட்டு வரலாம். சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் விடுவதில்லை. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

ஏன் எனக்கு போன் செய்யவில்லை என்றேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க சொல்லித்தான் செஞ்சோம்னு சொன்னாக.”

“நான் என்ன சொன்னேனாம்?”

“நம்ம நாகஜோதி மகளுக்கு வரன் பாக்குற நேரம். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தா குடும்பத்துக்கு அசிங்கம், பிரிச்சு வையுங்கன்னு அக்கா சொல்லிட்டாகன்னு.”

“நீங்களும் நம்பிட்டீக.”

“நாப்பது வருசமா நீங்க எங்கள ஒரு வார்த்த சொன்னதில்லக்கா. இப்பச் சொல்லிருக்கீகன்னா அதுல ஏதோ இருக்கும்னு நெனச்சேன். உங்க பேச்ச மீறி நான் எப்பிடிப் போவேன்?” என்றார்.

எனக்கு உடம்பு எரிந்தது. அவர்மேல் அல்ல. ஒரு மனிதர் என் சொல்லுக்கு நாற்பது வருட மரியாதை வைத்திருக்கிறார். அந்த மரியாதையைத் திருடி, அதையே கயிறாகத் திரித்து, அவரை இந்த மரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அவரும் கட்டுக்கு அடங்கி உட்கார்ந்திருக்கிறார், உள்ளே ஒருவன் பட்டினி கிடக்கிறான், எல்லாம் என் பெயரால்.

எதனால் இது ஆரம்பித்தது என்று கேட்டேன். கட்டில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தார்களாம். தூக்கத்தில் தம்பிக்குக் கால் இழுத்துக்கொள்ளும், கையைப் பிடித்தால்தான் அடங்கும். காலையில் கூட்ட வந்தவள் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான்.

ஆபீஸுக்குப் போனேன். மேலாளர் பெயர் சுரேஷ்கண்ணன். கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் செடி. “வாங்க பாட்டி, உக்காருங்க பாட்டி” என்றான். எனக்கு நீ பேரன் முறை இல்லை, சங்கிலியம்மாள் என்று எனக்குப் பெயர் இருக்கிறது என்றேன். உடனே மேடம் ஆனேன். என் தம்பியை ஏன் கூடத்தில் போட்டாய் என்று கேட்டதற்கு, இரண்டு கட்டில் அறை கணவன் மனைவிக்கும் இரத்த உறவுக்கும் மட்டும்தான், அது இல்லத்தின் விதி என்றான். தை மாதம் அந்த விதி எங்கே போயிருந்தது என்றேன். அப்போது கவனிக்கவில்லையாம். குடும்பத்தில் ஆட்சேபணை வந்த பிறகு கவனித்தார்களாம். குடும்பம் என்றால் நான்தான், நான் எப்போது ஆட்சேபித்தேன் என்று கேட்டேன். அவன் தண்ணீர் குடித்தான். தலைவர் சொன்னதைத்தான் செய்ததாகச் சொன்னான்.

கதவைக் காட்டி, அங்கே ஒட்டியிருக்கிறாயே, அது என்ன என்றேன்.

“அது அவேர்னஸுக்காக ஒட்டினது மேடம்” என்றான்.

இவனெல்லாம் படித்து வந்திருக்கிறான். கண்ணாடிக்கு வெளியே எல்லோரையும் வரவேற்பானாம், உள்ளே வந்தவரை மரத்தடியில் உட்கார வைப்பானாம். ஊர் வாயைப் பிடித்துக்கொண்டு பேசுகிற கிழட்டு நாட்டாமைகளையாவது ஒரு வகையில் சேர்க்கலாம், அவர்கள் உள்ளே நினைப்பதைத்தான் வெளியேயும் சொல்கிறார்கள். இவன் எந்த வகையிலும் சேரவில்லை. தலைவரை வரச் சொல், அவர் வரும்வரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நான் சாய்ந்து உட்காருகிற பழக்கமில்லாதவள். எதிரே ஒருத்தி அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க அவனால் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய் போன் செய்தான்.

ஈஸ்வரபாண்டி காரில் வந்தார். கையில் மாதுளைச் சாறு டப்பா. எனக்காம். அதை மேசையில் வைத்தார், நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“என்ன சம்பந்தியம்மா, ஒரு போன் போட்டிருந்தா நான் வீட்டுக்கே வந்திருப்பேன்ல” என்றார்.

என் பெயரைச் சொல்லி என் தம்பியைப் பிரித்தீர்களா என்று கேட்டேன். மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்கு அதை அவர் தப்பாகவே நினைக்கவில்லை. உங்கள் மானம் வேறு என் மானம் வேறா என்றார். பேத்திக்குக் கெங்குவார்பட்டியிலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது, அவர்கள் இல்லத்துக்குக்கூட வந்து விசாரிக்கக் கூடியவர்கள், தாத்தா முறையில் ஒருவர் இன்னொரு ஆம்பளையோடு ஒரே அறையில் கட்டில் சேர்த்துக் கிடக்கிறார் என்று காதில் விழுந்தால் என்ன ஆகும் என்றார். நான் சொன்னால் ஞானசிகாமணி காரணம் கேட்பார், நீங்கள் சொன்னதாகச் சொன்னால் கேட்க மாட்டார், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று விளக்கம் வேறு.

“உங்களுக்கு நான் நல்லதுதான செஞ்சிருக்கேன்? நீங்களே வாய்விட்டுச் சொல்ல முடியாதத நான் சொன்னேன்” என்றார்.

அவர் அதை நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் மனதுக்குள் ஓர் அழுக்கு இருக்கிறது, வெளியே சொல்ல எனக்கு வெட்கம், எனக்காக இவர் அதைச் சொல்லி உபகாரம் செய்திருக்கிறார். தன்னைப் போலவே எல்லோரும் இருப்பார்கள் என்று நினைக்கிற ஆட்களுக்கு எதைச் சொல்லிப் புரிய வைப்பது? புரிய வைப்பது என் வேலையும் இல்லை. இவரை எந்த இடத்தில் பிடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாகஜோதியின் நிச்சயதார்த்தம் என் தம்பியின் தோட்டத்து வீட்டில்தான் நடந்தது. இருபத்து நான்கு வருடம் இருக்கும். என் புருஷன் இல்லை. தாலி இல்லாத நான் தட்டு வாங்கக் கூடாது என்பது முறை. தாய்மாமன் நின்று வாங்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஜோடியாக நின்று கொடுக்கிற தாம்பூலத் தட்டை, பெண் வீட்டில் ஒற்றை ஆளாக நின்று வாங்குவதில்லை. அது ஆகாது என்பார்கள். என் தம்பிக்குப் பெண்டாட்டி இல்லை. முறைக்கு நிற்க வேண்டிய பங்காளி வீட்டு ஜோடியோ, கிணற்றுத் தகராறில் கோபித்துக்கொண்டு வரவில்லை. ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன் நான். ஈஸ்வரபாண்டிக்குப் பொறுக்க முடியவில்லை. ராகு காலம் பிறக்கப் போகிறது, பெண் கைவிட்டுப் போய்விடக் கூடாது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த ஞானசிகாமணியை அவரே கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

இதைத்தான் நான் கேட்டேன்.

“அன்னைக்கி ஞானத்த இழுத்துட்டு வந்து என் தம்பி பக்கத்துல நிறுத்துனது யாரு?”

சம்பந்தி என்னைப் பார்த்தார். எங்கே போகிறேன் என்று பிடிபடவில்லை.

“இதென்ன முறைன்னு உங்க சம்சாரம் பஞ்சம்மா தட்ட வச்சிக்கிட்டு மொனங்குனாகள்ல? அதுக்கு நீங்க என்ன சொன்னீக?”

“அது ஏதோ ஒரு அவசரத்துக்கு…”

“நான் சொல்லட்டா? அவுக ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, நாலு கை சேந்தாச் சரிதான்னு சொன்னீக. அந்த ஒரு வார்த்தைலதான் அவுக தட்ட நீட்டுனாக. இப்ப அவரு யாரோ, என் தம்பி யாரோன்னா, அன்னைக்கி என் தம்பி ஒத்தையா நின்னு வாங்கிருக்கான். ஒத்தையா வாங்குன தட்டுலதான் உங்க மகன் கல்யாணம் நடந்துருக்கு. எது நெசம்னு நீங்களே சொல்லிருங்க. நான் இப்பிடியே உங்க வீட்டுக்குப் போயி பஞ்சம்மாட்டச் சொல்லிட்டு, கெங்குவார்பட்டிக்காரக வந்தா அவுகளுக்கும் சொல்லிர்றேன்.”

பஞ்சம்மாள் பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவள். மகனுக்குப் போன வருடம் நெஞ்சுவலி வந்தபோது, எதனால் வந்தது என்று பார்க்காத ஜோசியர் இல்லை, கட்டாத கயிறு இல்லை. இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் தட்டு ஒற்றையில் வாங்கப்பட்டது என்று அவள் காதில் விழுந்தால், பிறகு அந்த வீட்டில் ஈஸ்வரபாண்டி நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. எனக்கு இந்த ராகு காலத்திலும் பல்லியிலும் நம்பிக்கை கிடையாது. இருக்கிறவர்களை வைத்துத்தானே பேச வேண்டியிருக்கிறது. கொள்கை பேசினால் இவர்களுக்குக் கொட்டாவி வரும்.

அவர் சுரேஷ்கண்ணனை வெளியே போகச் சொன்னார். இருக்கட்டும், விதி தெரிந்த பையன், இதையும் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். சட்டைக் காலருக்குள் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டார். பிறகு பேரம் ஆரம்பமானது. சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, யார் கண்ணிலும் படாது, அதைத் தருகிறேன் என்றார். என் தம்பி திருடிவிட்டு ஒளிந்து கிடக்கவில்லை, முன்பு இருந்த அறைதான் வேண்டும் என்றேன். சரி என்றார். கேட்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாமே என்றார்.

“எங்கப்பனுக்கு நீங்க புதுசா ஒரு மகனப் பெத்துக் குடுக்க வேண்டாம்” என்றேன்.

“அப்ப என்னன்னுதான் சொல்றது சம்பந்தியம்மா?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். புருசன் பொண்டாட்டி வந்து ரூம் கேட்டா என்ன கேக்குறீக? கீழ வேணுமா மேல வேணுமா, ராத்திரிக்கு இட்லியா சப்பாத்தியான்னு கேப்பீக. அதயே இவுககிட்டயும் கேளுங்க. அதுக்கு மேல கேக்க உங்களுக்கு என்ன இருக்கு?”

அறையைக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். உங்களுக்காகச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த வார்த்தைதான் ஆபத்து. எனக்காகச் செய்தது நான் செத்தால் முடிந்துபோகும். நாளைக்கு நாலு பேர் மத்தியில் அந்தக் குடும்பத்துக்கு நான் தயவு காட்டினேன் என்று இவர் பேசுவார். இவருடைய தயவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் படுத்துத் தூங்க வேண்டியதில்லை. விதியை மாற்றச் சொன்னேன். இல்லத்துக்கு வருகிறவர் எவரானாலும், யாரோடு ஒரே அறையில் இருப்பது, யார் கையால் சாப்பிடுவது என்று அவரே சொல்ல வேண்டும், அதில் தலைவருக்கும் மேலாளருக்கும் சம்பந்திக்கும் வேலை இல்லை. இதைக் கமிட்டியில் வைத்து முடிவு செய்து, கதவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற இடத்துக்குக் கீழேயே ஒட்ட வேண்டும். கமிட்டியில் சிலர் முறைப்பார்கள் என்றார். முறைக்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்றேன். அவர்களில் ஒவ்வொருவர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் நான் போயிருக்கிறேன்.

கட்டில்களை சுரேஷ்கண்ணன்தான் தூக்கிப் போட்டான். அடையாள அட்டை முன்னால் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம் விட்டுப் போட்டான். சேர்த்துப் போடு என்றேன். சேர்த்துப் போட்டான்.

தம்பியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஞானசிகாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தேவயானி சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. தம்பி அவரைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஸ்பூனைக் கொண்டுபோனார். பல்லைக் கடித்துக்கொண்டான். மறுபடியும் கொண்டுபோனார். இடது கையால் தட்டிவிட்டான். கஞ்சி ஞானசிகாமணியின் சட்டையில் கொட்டியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவன் இல்லத்துக்காரர்கள்மேல் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று இவர்மேல்தான் கோபம். தினமும் ஒரு மணி நேரம் விருந்தாளி மாதிரி வந்து எட்டி உட்கார்ந்துவிட்டுப் போகிறவரைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோபம் இறுகியிருக்கிறது. என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காதான் பிரித்தாள் என்று சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பழியைத் தன்மேல் விழ விட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்.

எனக்குப் பொறுமை குறைவு. “ஏலே, வாயத் தெற. திங்கக்கெழமை மூக்குல குழா விடப்போறாக” என்று அதட்டினேன். இன்னும் இறுக்கிக்கொண்டான். அப்படியே எங்கள் அப்பன்.

ஞானசிகாமணி கிண்ணத்தை மடியில் வைத்தார். சட்டையைத் துடைக்கவில்லை.

“அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“நீங்க பாத்துக்கிட்டு இருந்தா தெறக்க மாட்டாரு. உங்க முன்னாடி தோத்ததா ஆயிரும்ல. உங்க வீட்டு ஆளுகளப் பத்தி எனக்குத் தெரியாதா?”

என்னை வெளியே போகச் சொன்னவர்கள் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. சொல்லியிருந்தால் போயிருக்கவும் மாட்டேன். தேவயானியைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

உள்ளே அவர் குரல் கேட்டது. பாதி தமிழ், பாதி மலையாளம். கேரள எஸ்டேட்டில் பழகிய பேச்சு. திட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நடுவில் என் பெயர் வந்தது, சம்பந்தியின் பெயர் வந்தது, அதோடு ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. அதை நான் கேட்காத மாதிரி நின்றேன், தேவயானியும் அப்படியே நின்றாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று அவள் கதவில் கை வைத்தாள். நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் என் தம்பி அழுகிற சத்தம் கேட்டது. பேச்சு போனவர்கள் அழுவது வேறு மாதிரி இருக்கும், அடித்தொண்டையிலிருந்து வரும். பக்கவாதம் வந்த அன்றுகூட அவன் அழுது நான் கேட்டதில்லை. அது அடங்க நேரமானது. அடங்கிய பிறகு ஸ்பூன் கிண்ணத்தில் தட்டியது. ஓர் இருமல். மறுபடியும் ஸ்பூன். “மெதுவா, மெதுவா” என்றார் ஞானசிகாமணி.

தாழ்வாரத்தில் சுரேஷ்கண்ணன் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். இருவரும் மறுபடி ஒரே அறைக்கு வந்ததை ஒரு படம் எடுத்துப் போட்டால் இல்லத்துக்கு நல்ல பெயர் என்று தலைவர் சொன்னாராம். ஒரே நிமிஷம்தான் மேடம் என்றான்.

நான் கதவுக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

“உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காக” என்றேன். “போயி உன் வேலையப் பாரு.”